லெகோவில் சொந்தமாக விண்கலம் கட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் லெகோ கட்டுகிறவர்கள் ஒன்றுகூடும்போதெல்லாம் புதிதாக வருகிறவர்கள் கேட்பவை பெரும்பாலும் இவைதான். கேட்டவர்கள் கேட்ட பேச்சிலேயே கேள்விகளைப் போட்டிருக்கிறோம். முன்னால் சொன்னதைத் திரும்பச் சொல்லவில்லை, ஆகையால் வரிசையாகப் படிப்பது நல்லது.

1. அண்ணே, மாக் மாக்குங்கிறீங்களே, அது என்னது?

பெட்டியோடு வரும் வழிகாட்டிப் புத்தகத்தைப் பார்த்துக் கட்டினால் அது செட். வழிகாட்டி இல்லாமல், வடிவத்தையும் உள்கட்டையும் நீங்களே தீர்மானித்துக் கட்டினால் அது மாக். விண்கல மாக் கட்டுகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். ஸ்டட் என்பது பீஸின் மேலே நிற்கும் குமிழ், நீளத்தை அதை வைத்தே எண்ணுவோம். 100 ஸ்டட் நீளத்தைத் தாண்டிய கலத்தைத் தனி வகையாகவே வைத்து, செப்டம்பர் மாதம் முழுக்க அதையே கட்டுவார்கள். அந்த மாதத்துக்கு ஷிப்டெம்பர் என்று பெயர். 100 ஸ்டட் என்றால் 80 செ.மீ. முதல் கலத்துக்கு அந்த ஆசை வேண்டாம்.

2. வீட்டுல ஒரு டப்பா நிறைய பழைய பீஸ் கிடக்கு. அது போதுமா? எத்தனை பீஸ் வேணும்?

கலத்துக்குள் யார் உட்காரப் போகிறார் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். 1978-ல் வந்த மினிஃபிகர் பொம்மை சுமார் 4 செ.மீ. உயரம். அது உட்காரும் ஒற்றை ஆள் கலம் 30 முதல் 40 ஸ்டட் நீளம் இருந்தால் பார்க்க லட்சணமாக இருக்கும், 400 முதல் 700 பீஸில் முடித்துவிடலாம். ஒப்பிட்டுப் பார்க்க லெகோவே 2022-ல் வெளியிட்ட கேலக்ஸி எக்ஸ்புளோரர் செட்டை (எண் 10497) எடுத்துக்கொள்ளுங்கள்: நீளம் 52 செ.மீ., பீஸ் 1,254.

டப்பாவில் எத்தனை இருக்கிறது என்பதைவிட என்ன இருக்கிறது என்பதுதான் கணக்கு. வீட்டு டப்பாக்களில் 2x4 பிரிக் (2 ஸ்டட் அகலம், 4 ஸ்டட் நீளமுள்ள கட்டை) குவிந்திருக்கும். விண்கலத்துக்கு அது அதிகம் உதவாது. பிளேட் (மெல்லிய தட்டை பீஸ்), டைல் (மேலே ஸ்டட் இல்லாத வழுவழுப்பான பீஸ்), பிராக்கெட் (ஒரு பக்கம் மடிந்து நிற்கும் பீஸ்), டெக்னிக் பிரிக் (பக்கவாட்டில் துளை உள்ள பிரிக்) இந்த நான்கும்தான் வேலை செய்யும். பிரித்து வைக்கப் பழைய அஞ்சறைப்பெட்டி நல்ல யோசனைதான், ஆனால் மஞ்சள் தங்கிய பெட்டி வேண்டாம், வெள்ளை பீஸில் கறை ஏறும். பனையோலைக் கொட்டானும் வேண்டாம். 1x1 பீஸ் பின்னலுக்குள் புகுந்துகொள்ளும்.

3. முதல்ல கம்ப்யூட்டர்ல வரைஞ்சுதான் ஆகணுமா?

கட்டாயமில்லை, ஆனால் பீஸை விலைக்கு வாங்கப் போகிறீர்கள் என்றால் வரைந்துவிடுங்கள். பிரிக்லிங்க் ஸ்டுடியோ இலவச மென்பொருள். பீஸ் விற்கும் இணையச் சந்தையான பிரிக்லிங்க் 2019 முதல் லெகோ நிறுவனத்தின் கையில் இருக்கிறது. வரைந்து முடித்ததும் எந்த பீஸ், எந்த நிறத்தில், எத்தனை என்ற பட்டியலை அதுவே தரும். திரையில் எந்த பீஸுக்கும் எந்த நிறமும் பூசலாம் என்பதால் இல்லாத நிறத்தைப் போட்டுவிட்டுப் பிறகு தேடி அலைகிறவர்கள் நிறைய. பட்டியலில் அந்த நிறம் உண்மையில் வார்க்கப்பட்டதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

இறக்கை தொங்குவதும் மூக்கு கழன்று விழுவதும் திரையில் தெரியாது. கலத்தின் நடு 10 ஸ்டட்டை மட்டும் கிடைக்கிற நிறத்தில் கையால் கட்டிப் பார்த்துவிட்டு மிச்சத்தை வரையுங்கள்.

4. ஒரு பிரிக்குக்கு மூணு பிளேட்னு தெரியும். அதுக்கு மேல என்ன கணக்குத் தெரியணும்?

நான்கு எண்கள் போதும். ஒரு ஸ்டட்டிலிருந்து அடுத்த ஸ்டட் 8 மி.மீ. பிரிக்கின் உயரம் 9.6 மி.மீ. பிளேட்டின் உயரம் 3.2 மி.மீ. பிராக்கெட்டின் நிற்கும் தகடு 1.6 மி.மீ., அதாவது அரை பிளேட்.

இதிலிருந்து வரும் முக்கியமான உறவு: 5 பிளேட் உயரம் 16 மி.மீ., 2 ஸ்டட் அகலமும் 16 மி.மீ. படுக்கையாக இருப்பதையும் நிமிர்ந்து இருப்பதையும் இடைவெளி இல்லாமல் சேர்க்க முடிவது இதனால்தான். கேள்வி 6 முழுக்க இதன்மேல்தான் நிற்கிறது.

5. நடுவுல பிடிச்சுத் தூக்கினா ரெண்டா ஒடைஞ்சு போகுதே, ஏன்?

வெளித்தோற்றத்திலிருந்து ஆரம்பித்ததுதான் காரணம். கலத்துக்கு முதலில் முதுகெலும்பு வேண்டும். கொத்தனார் செங்கல் வைக்கும்போது கீழ் வரிசையின் இணைப்புக்கு நேர் மேலே அடுத்த இணைப்பு வராமல் பார்ப்பாரே, இங்கும் அதே விதிதான்.

40 ஸ்டட் நீள முதுகெலும்புக்கு ஒரு கணக்கு. டெக்னிக் பிரிக் 1x16 (எண் 3703) எட்டு, 1x8 (எண் 3702) நான்கு. கீழ் அடுக்கில் 16, 16, 8 என்ற வரிசையில் இரண்டு கோடுகள் போடுங்கள், நடுவே 2 ஸ்டட் இடைவெளி விடுங்கள், மொத்த அகலம் 4 ஸ்டட். அதன்மேல் 2 பிளேட் உயரம். அதற்குமேல் மேல் அடுக்கு, இந்தமுறை 8, 16, 16. கீழே இணைப்பு 16-லும் 32-லும் விழும், மேலே 8-லும் 24-லும் விழும். ஒன்றின்மேல் ஒன்று வராது.

இனி பூட்டு. ஒரு பிரிக்கும் 2 பிளேட்டும் சேர்ந்தால் 16 மி.மீ. ஆகவே கீழ்த்துளைக்கும் மேல்துளைக்கும் சரியாக 2 துளை தூரம். 3 துளை பீம் (எண் 32523) ஒன்றை நிமிர்த்தி, இரு முனையிலும் கருப்புப் பின் (துளையில் குத்தும் ஆணி, எண் 2780) குத்தினால் இரண்டு அடுக்கும் இழுத்தாலும் பிரியாது. பீமை உள்பக்கத்து 2 ஸ்டட் இடைவெளியில் வையுங்கள், வெளியே வைத்தால் தோலுக்கு, அதாவது வெளிப்போர்வைக்கு, இடைஞ்சல். இரண்டு பிரிக் சேரும் இடத்தில் துளை இருக்காது, ஆகையால் 8, 16, 24, 32 ஆகாது. 4, 12, 20, 28, 36-ல் வையுங்கள். இரு பக்கமும் சேர்த்து 10 பீம், 20 பின்.

இதைக் கட்டி முடித்ததும் ஒரு முனையை மட்டும் பிடித்து நேராக நீட்டுங்கள். வளையாமல் நின்றால் மேலே போங்கள். வளைந்தால் தோல் போர்த்தி அதைச் சரிசெய்ய முடியாது.

6. ஸ்நாட்னா என்ன? பக்கவாட்டுல டைல் ஒட்டுனா எனக்கு எப்பவும் ஒரு சந்து விழுது.

ஸ்டட் மேலே பார்க்காமல் பக்கவாட்டிலோ கீழேயோ பார்க்கும்படி கட்டுவதுதான் ஸ்நாட். விண்கலத்தின் வழுவழுப்பான பக்கச் சுவர்கள் எல்லாம் அப்படி வந்தவைதான்.

சந்து ஏன் விழுகிறது என்பதற்குக் கேள்வி 5-இன் முதுகெலும்பே உதாரணம். அதன் உயரம் 2 பிரிக், 2 பிளேட், அதாவது 8 பிளேட், 25.6 மி.மீ. பக்கத்தில் 3 ஸ்டட் உயரப் பலகையை நிறுத்தினால் அது 24 மி.மீ. 1.6 மி.மீ. சந்து தெரியும். பலகையை எத்தனை முறை கழற்றி மாட்டினாலும் அது போகாது, போகவும் முடியாது. மாறாக, முதுகெலும்புக்கு மேலே ஒரு பிளேட், கீழே ஒரு பிளேட் சேருங்கள். 10 பிளேட், 32 மி.மீ., சரியாக 4 ஸ்டட்.

அந்த மேல் பிளேட் வரிசையில் தேவையான இடங்களில் பிளேட்டுக்குப் பதில் கீழ்நோக்கித் தொங்கும் 1x2 - 2x2 பிராக்கெட் (எண் 44728), கீழ் வரிசையில் மேல்நோக்கி நிற்கும் பிராக்கெட் (எண் 99207) வையுங்கள். மேலிருந்து 16, கீழிருந்து 16, இரண்டும் நடுவில் சந்திக்கும். அதன்மேல் 4 ஸ்டட் உயரப் பலகை உட்காரும். ஒவ்வொரு பக்கமும் பிராக்கெட் தகடு 1.6 மி.மீ. கூடுதலாக எடுத்துக்கொள்ளும் என்பதை முன்பக்கம் மூடும்போது கணக்கில் சேருங்கள்.

7. ஹெட்லைட் பிரிக்கும் பக்க ஸ்டட் பிரிக்கும் ஒண்ணுதானே?

இல்லை. பக்க ஸ்டட் பிரிக்கில் (எண் 87087) அந்த ஸ்டட் சுவரின் மட்டத்திலேயே இருக்கிறது, அதன்மேல் வைக்கும் டைல் முழு 3.2 மி.மீ. வெளியே நீட்டும். ஹெட்லைட் பிரிக்கில் (எண் 4070) ஸ்டட் 1.6 மி.மீ. உள்வாங்கி இருப்பதால் டைல் பாதிதான் வெளியே தெரியும். ஒரே சுவரில் இரண்டையும் கலந்தால் மேடுபள்ளமாகும். வேண்டுமென்றே கலந்தால் அதுவே கவசத் தகடு போன்ற நல்ல வேலைப்பாடு.

8. மூக்கு கூர்மையா வரணும். வெட்ஜ் பிளேட் போட்டா ரொம்ப நீளமாப் போகுது.

ஓர் ஓரம் சாய்ந்த 4x2 வெட்ஜ் பிளேட் (வலது 41769, இடது 41770) 4 ஸ்டட் நீளத்துக்கு 1 ஸ்டட் சரியும், சுமார் 14 பாகை. 3x2 வெட்ஜ் (வலது 43722, இடது 43723) 3-க்கு 1, சுமார் 18 பாகை. குறுக வேண்டுமென்றால் இரண்டாவதை எடுங்கள். வலதும் இடதும் சம எண்ணிக்கையில் வாங்குங்கள். ஒன்று குறைந்தாலும் மூக்கு கோணிவிடும்.

இன்னும் அகலமான கோணத்துக்குப் பக்கத்தை முழுசாகக் கீல் பிளேட்டில் மாட்டித் திருப்ப வேண்டும். திருப்பிய முனை எங்காவது ஒரு ஸ்டட்டில் சரியாக விழுந்தால்தான் பிடிப்பு இருக்கும். அதற்கு 3-4-5 முக்கோணம். பலரும் தவறுவது இங்கேதான்: 3, 4, 5 என்பது ஸ்டட்டுகளின் எண்ணிக்கை அல்ல, ஸ்டட் மையங்களுக்கு இடைப்பட்ட தூரம். 3 தூரத்துக்கு 4 ஸ்டட், 4-க்கு 5, 5-க்கு 6 ஸ்டட் வேண்டும். எண்ணிக்கையை வைத்துக் கட்டினால் ஏறக்குறைய பொருந்துவது போலத் தெரியும், அழுத்தினால் ஏறும், சில வாரத்தில் பிளேட் வளைந்திருக்கும்.

9. இறக்கை ரெண்டும் தொங்கிப் போச்சு. கீழ முட்டுக் கொடுக்கலாமா?

முட்டு வேண்டாம். இறக்கையை உடலின் பக்கத்தில் ஒட்டியதால்தான் தொங்குகிறது. ஓர் இறக்கை இன்னோர் இறக்கை வரை உடலை ஊடுருவிப் போக வேண்டும்.

கேள்வி 5-இல் இரண்டு அடுக்குக்கும் நடுவே 2 பிளேட் உயரம் விட்டோமே, அந்த இடம் இதற்குத்தான். நிமிர்ந்த பீம்கள் 12-லும் 20-லும் நின்றால் அவை 12, 13-ஆம் ஸ்டட்டையும் 20, 21-ஆம் ஸ்டட்டையும் அடைக்கும். நடுவே 14 முதல் 19 வரை 6 ஸ்டட் அகலம் தடையில்லாமல் கிடக்கும். அதில் 6x16 பிளேட் (எண் 3027) இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கே செருகுங்கள். உடல் 4 போக, இரு பக்கமும் 6 ஸ்டட் நீட்டும். அதுதான் இறக்கையின் வேர். அதற்குமேல் வெளியே போகும் பிளேட்டுகள் வேரின்மேல் குறைந்தது 3 ஸ்டட் ஏறி உட்கார வேண்டும். மேலே டைல் போர்த்தினால் அதுவும் ஒரு பிடிப்புத்தான், வெறும் அழகுக்கு இல்லை.

10. மேலெல்லாம் குட்டிக்குட்டியா மெஷின் மாதிரி வைக்கிறாங்களே, எவ்வளவு வைக்கலாம்?

அதற்குப் பெயர் கிரீபிள். கம்பித் தட்டு டைல் (எண் 2412பி), 1x1 வட்ட பிளேட், குழாய், கைப்பிடி பீஸ்கள் இவையெல்லாம் அதற்குத்தான். உடல் முழுக்க இறைத்தால் கண் எங்கேயும் நிற்காது. வழுவழுப்பான தகடுகள் சந்திக்கும் பள்ளங்களிலும், இயந்திரத்தைச் சுற்றியும், அடிவயிற்றிலும் மட்டும் வைத்து, மிச்சத்தை டைலாக விடுங்கள். நம் கணக்கில் நாலில் ஒரு பங்குக்கு மேல் போனால் கலம் சின்னதாகத் தெரியத் தொடங்கும்.

11. எங்க வளவுல இருக்கிற ஆத்தங்குடிக் கல்லு டிசைனை இறக்கையில கொண்டு வர முடியுமா?

முடியும், கேட்டவருக்கு நன்றி. நம் வீட்டுத் தரையில் பதிக்கும் பூப்போட்ட கல் இது, இந்த ஊர்க் கலத்துக்கு இதைவிடப் பொருத்தமான அடையாளம் இல்லை. கால்வட்ட 1x1 டைல் (எண் 25269) நான்கை வளைவு வெளியே பார்க்க வைத்தால் 2 ஸ்டட் விட்டமுள்ள முழு வட்டம். அதே நான்கை வளைவு உள்ளே பார்க்கத் திருப்பினால் நடுவில் நான்கு முனை நட்சத்திரம் பள்ளமாக விழும், கீழே இருக்கும் பிளேட்டின் நிறம் தெரியும். பெரிய வளைவுக்கு 2x2 மக்ரோனி டைல் (எண் 27925).

ஒரு கல்லுக்கு 8x8 ஸ்டட் எடுங்கள், 6.4 செ.மீ. சதுரம். ஆத்தங்குடிக் கல்லில் ஒரு கல் தனியாகக் கால் பூவாக இருக்கும், நான்கு சேர்ந்தால்தான் பூ முழுமையாகும். இங்கும் கால் பகுதியை மட்டும் வரைந்து, 90 பாகையாகத் திருப்பித் திருப்பி நான்கு தடவை கட்டுங்கள். அடர் சிவப்பு, மங்கிய மஞ்சள், பச்சை, கருப்பு நான்கு நிறம் போதும். கால்வட்ட டைலில் எல்லா நிறமும் வராது, கேள்வி 3-இல் சொன்ன சரிபார்ப்பு இங்கே ரொம்ப முக்கியம். கால்வட்ட டைலுக்கு ஒற்றை ஸ்டட் பிடிப்புத்தான், கை படும் ஓரங்களில் வைக்காதீர்கள்.

12. எல்லாம் கிரே கலர்தான் வாங்கினேன். கட்டிப் பார்த்தா ரெண்டு கிரே மாதிரி இருக்கு.

இரண்டு கிரேதான். லெகோ 2004 வாக்கில் தன் பழைய சாம்பல் நிறத்தை மாற்றி, நீலம் சேர்ந்த சாம்பலாக்கியது. பழைய டப்பாவில் இருப்பது லேசாக மஞ்சள் ஓடிய கிரே, இப்போது வாங்குவது லைட் புளூயிஷ் கிரே. குழல்விளக்கில் ஒன்றாகத் தெரியும், பகல் வெளிச்சத்தில் வேறுபாடு பளிச்சென்று தெரியும். பழையதை உள்கட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

13. விலை குறைவா மத்த கம்பெனி பீஸ் கிடைக்குது. கலக்கலாமா?

தோலில் கலக்கலாம், முதுகெலும்பில் வேண்டாம். ஒரு ஸ்டட்டுக்கு 0.05 மி.மீ. வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது, ஆனால் 40 ஸ்டட் நீளத்தில் அது சேர்ந்து 2 மி.மீ. வரை போகலாம், துளைகள் நேர்கோட்டில் வராது. ஒவ்வொரு கம்பெனியிலும் பத்து பீஸ் வாங்கி, பிளேட் 5-ஐ அடுக்கி 2 ஸ்டட் அகலத்தோடு ஒட்டிப் பார்த்துவிட்டு மேற்கொண்டு வாங்குங்கள்.

14. வெளிநாட்டுல இருந்து பீஸ் வரவழைச்சா கட்டுப்படியாகுமா?

பொம்மை இறக்குமதிக்கான அடிப்படைச் சுங்க வரி 2020 பட்ஜெட்டில் 20 சதவீதத்திலிருந்து 60 சதவீதத்துக்கு ஏறியது, 2023-ல் 70 ஆனது. அனுப்பும் செலவும் உண்டு. ஆகையால் 20 பீஸ், 30 பீஸ் என்று அடிக்கடி வாங்குவது நஷ்டம். முதலில் இந்தியாவுக்குள் விற்கிறவர்களிடம் பாருங்கள், கிடைக்காததை மட்டும் நாலைந்து பேர் சேர்ந்து ஒரே ஆர்டராகப் போடுங்கள். பார்சலுக்கு வரி எந்தக் கணக்கில் விழும் என்று கூரியரிடம் முன்னதாகவே கேட்டு வைப்பது நல்லது.

15. இன்ஜின்ல லைட் எரியணும். எப்படி?

எனாமல் கம்பி ஏற்கெனவே பற்றவைத்து வரும் சிறு எல்.இ.டி. வாங்குங்கள். தலைமுடி கனத்துக் கம்பி ஸ்டட்டுகளுக்கு நடுவே போகும், பிரிக் மேலே சரியாக உட்காரும். கம்பி ஸ்டட்டின் தலைமேல் போனால் நசுங்கி அறுந்துவிடும், அது ஒன்றுதான் கவனிக்க வேண்டியது. 5 வோல்ட் யு.எஸ்.பி.யில் எரிய வைக்க, வெள்ளை எல்.இ.டி. ஒவ்வொன்றுக்கும் 220 ஓம் மின்தடை ஒன்று. எல்.இ.டி. சுமார் 3 வோல்ட் எடுக்கும், மிச்சம் 2 வோல்ட், 9 மில்லி ஆம்பியர் ஓடும், இயந்திர வெளிச்சத்துக்கு அது தாராளம்.

பொத்தான் பேட்டரி வைப்பதானால் திருகாணி போட்ட மூடி உள்ள பெட்டியில்தான் வைக்க வேண்டும். பிள்ளைகள் விழுங்கினால் உணவுக்குழாயை அரித்துவிடும், உயிருக்கே ஆபத்து. சின்னப் பிள்ளைகள் புழங்கும் வீட்டில் யு.எஸ்.பி. மட்டும் போதும். 3 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் இருக்கும் இடத்தில் 1x1 பீஸ் எதையும் தரையில் விடாதீர்கள்.

16. வளவுல வெளிச்சம் நல்லா இருக்கு, அங்கயே வச்சுக்கலாமா? ஆச்சி வேணாங்கிறாங்க.

ஆச்சி சொல்வது சரி. வானம் பார்த்த வளவில் வெயில் நேராக விழும் இடத்தில் வெள்ளையும் வெளிர்சாம்பலும் மஞ்சளாகும். புற ஊதாக் கதிர் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கைத் தாக்குவதால் வரும் மாற்றம் அது, கழுவினால் போகாது. சுற்றிவரும் நிழல் வாட்டமான பக்கத்தில், கண்ணாடி அலமாரிக்குள் வையுங்கள்.

செம்மண் தூசிக்கு மென்மையான பெயிண்ட் பிரஷ் போதும். கழுவுவதானால் 40 டிகிரிக்கு மேல் சூடில்லாத தண்ணீரில் கொஞ்சம் சோப்பு. ஆழ்குழாய்த் தண்ணீரின் உப்பு, விமானி அறைக் கண்ணாடியில் வெள்ளைப் புள்ளியாகக் காயும். கடைசி அலசலுக்குக் குடிதண்ணீர் எடுங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் கலத்தை வைத்துவிட்டுப் போகாதீர்கள், இறக்கை பிளேட் வளைந்துவிடும்.

17. ஃபெவிகுவிக் போட்டு ஒட்டிட்டா பிரச்சினையே இல்லையே?

ஒட்ட வேண்டாம். அதன் ஆவி கண்ணாடி பீஸில் வெள்ளையாகப் படியும், தவறைத் திருத்த வழியும் இருக்காது. எங்கே ஒட்டத் தோன்றுகிறதோ அங்கே கட்டமைப்புப் போதவில்லை. கேள்வி 5-க்குத் திரும்பிப் போங்கள்.

18. சென்னையில கண்காட்சிக்குக் கொண்டு போகணும். பல்லவன் ரயில்ல எடுத்துட்டுப் போக முடியுமா?

கட்டும்போதே யோசித்திருந்தால் முடியும். 40 செ.மீ.க்கு மிகாத துண்டுகளாகப் பிரியும்படி முதுகெலும்பை வடிவமைத்து, சேரும் இடத்தில் கருப்புப் பின்னுக்குப் பதில் நீண்ட டெக்னிக் ஆக்ஸிலை உருவி எடுக்கும்படி வையுங்கள். ஒவ்வொரு துண்டையும் சமையலறை கிளிங் ஃபிலிமால் இரண்டு சுற்றுச் சுற்றினால் கழன்ற பீஸ் அங்கேயே நிற்கும். குமிழ் பிளாஸ்டிக்கை நேராகச் சுற்றினால் ஆன்டெனாவெல்லாம் மாட்டிக்கொண்டு கையோடு வரும். பெட்டியை மேல்தட்டில் வைக்காமல் மடியிலோ காலடியிலோ வையுங்கள்.

19. ஸ்டாண்டுல வச்சா பின்பக்கமாச் சாயுது. ஸ்டாண்டைப் பெருசாக்கணுமா?

ஸ்டாண்டை நகர்த்த வேண்டும். இயந்திரங்கள் பின்னால் குவிந்திருப்பதால் கலத்தின் எடை மையம் நீளத்தின் பாதியில் இருக்காது. மேசைமேல் ஒரு ஸ்கேலை விளிம்பு மேலே பார்க்க நிறுத்தி, கலத்தை அதன்மேல் குறுக்கே வைத்து, இரு பக்கமும் சாயாமல் நிற்கும் ஸ்டட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். 40 ஸ்டட் கலத்தில் அது பெரும்பாலும் பின்முனையிலிருந்து 15, 16-ஆம் ஸ்டட் பக்கம் வரும். விளக்கும் கம்பியும் வைத்த பிறகே அளக்க வேண்டும்.

அந்த இடத்துக்கு இரு பக்கமும் உள்ள டெக்னிக் துளைகளில் ஸ்டாண்டின் பின்கள் போக வேண்டும். அடியில் ஒட்டிய பிளேட்டில் தாங்கினால் கலத்தின் மொத்த எடையும் அந்த பிளேட்டின் பிடிப்பின் மேல் விழும். சராசரியாக பீஸுக்கு 1 கிராம் என்று வைத்தால் 700 பீஸ் கலம் முக்கால் கிலோவை நெருங்கும். ஸ்டாண்டின் அடித்தளம் இறக்கை அகலத்தில் பாதியாவது இருக்கட்டும். மூக்கைச் சற்று மேலே தூக்கி நிறுத்த ஆசைப்பட்டால், தூக்கிய நிலையில் இன்னொரு தடவை எடை மையத்தைப் பாருங்கள், சற்றுப் பின்னால் போயிருக்கும்.